யூட்லாந்தின் குதிரைக்காரி

ஃப்ரெடெரீசியா என்ற ஊரில் ரயில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள், டேனிஷ் மொழியில். முன்பாதி ஓகூஸ் பக்கம் போய்விட்டது. நான் பின்பாதியில் உட்கார்ந்து, இலவங்கப்பட்டை தூவிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எதிரே இருப்பவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இங்கே என் கைபேசி ஒருமுறை மணி அடித்ததற்கே ஒரு பெண்மணி ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டின்மேல் விரல் வைத்த படம். பேசக் கூடாத பெட்டியாம். பயந்துபோய் யாரிடமும் எதையும் கேட்காமல் கடைசி ஸ்டேஷன்வரை போய் இறங்கினேன். மூக்கில் கடல் வாசனை அடித்தது. ஊர் எஸ்பியர்க். நான் போக வேண்டியது சில்க்போர்க், முன்பாதி போன பக்கம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் குதிரைச் சேணம் செய்கிறேன். தோலை வெட்டுவதிலிருந்து கடைசித் தையல்வரை இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. குதிரைமேல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மெரினாவில் ஒருமுறை ஏறப் பார்த்தேன், மனைவி விடவில்லை.

டென்மார்க்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பல வருஷமாக எங்களிடம் சேணம் வாங்குகிறார். மின்னஞ்சலில் நாலே வரி ஆங்கிலம், கீழே ‘சுகி’ என்று பெயர். வெள்ளைக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம். இடுப்பெலும்பு முறிந்து தேறியிருப்பதாகவும், சேணத்தின் இருக்கையை மாற்றித்தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்து இரண்டு முறை மாற்றி அனுப்பினோம். சரிவரவில்லை. முதலாளி, “நீயே போய் ஆளைப் பார்த்துச் செஞ்சு கொடுத்துட்டு வா” என்று கத்தி, ஊசி, தோல் துண்டுகளோடு என்னை அனுப்பிவைத்தார்.

எஸ்பியர்க் நடைமேடையிலிருந்து அந்தச் சுகிக்கு ஃபோன் செய்து, தெரிந்த ஆங்கிலத்தில் நிலைமையைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் குரல்:

“நீங்கள் தமிழோ?”

“ஆமாங்க.”

“ஐயோ அண்ணை, இவ்வளவு காலமும் இங்கிலீசில எழுதிக் கஷ்டப்பட்டனே! அதிலயே நில்லுங்கோ. அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்கிறா. அவ வந்து கூட்டிக்கொண்டு போவா. பேந்து என்ர மனுசன் கார் கொண்டு வருவார்.”

அந்த அக்கா செல்வராணி. முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே சபை. வேலைச் சட்டையோடே ஸ்டேஷனுக்கு வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். துறைமுகத்தில் வாங்கிய தட்டை மீனை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்துச் சோற்றோடு வைத்தார். நான் கையை வைக்கப்போகும்போது, “பொறுங்கோ தம்பி” என்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். சாப்பாட்டுக்கு, என் பயணத்துக்கு, சுகந்தியின் இடுப்புக்கு, கடைசியாக, “ஆண்டவரே, அந்தச் சேணத்தையும் ஆசீர்வதியும்.” சுகி என்பது சுகந்தி என்று அப்போதுதான் தெரிந்தது.

சுகந்தியின் கணவர் ரூபன் மாலையில் வந்தார். பஸ் ஓட்டுநர். சில்க்போர்க் போகும் வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல்களும், மழையும், மழை விட்டதும் நாலைந்து மான்களும். ரூபன் நிறையப் பேசினார். குதிரையைப் பற்றி மட்டும் பேசவில்லை. எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்டேன்.

“அவ குதிரை லாயத்தில இருந்து நேரா என்ர பஸ்ஸில ஏறுவா. அந்த மணத்துக்குச் சனம் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். எனக்கு எழும்பிப் போக ஏலாதுதானே, நான்தானே ட்ரைவர்” என்றார்.

சுகந்தி வாசலில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், ஒட்ட வெட்டிய முடி, வெயிலில் காய்ந்த முகம். இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடந்தார். நான், “வணக்கம் மேடம்” என்றதற்கு, “மேடம் எண்டா திரும்பிப் போற ரயில்ல ஏத்திவிடுவன். சுகந்தி எண்டு கூப்பிடுங்கோ” என்றார்.

இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். வெளியே இன்னும் வெயில். எட்டு மணிக்கு இப்படி வெளிச்சம் இருந்தால் எப்போது தூங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை லாயத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து பத்து நிமிடம். இங்கர் என்ற டேனிஷ் விவசாயப் பெண்மணியின் பண்ணை அது. எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. லாயமும் குதிரை ஓட்டும் களமும் சுகந்தி வாடகைக்கு எடுத்தவை. இங்கர் என் கையை இழுத்துக் குலுக்கிவிட்டு ஏதோ சொன்னார். சுகந்தி மொழிபெயர்த்தார்: “உங்கட சேணத்தில அவ ஒருக்கா இருந்து பாத்தவவாம். தன்ர சோஃபாவைவிட நல்லமாம்.”

இங்கருக்குச் சொந்தமான குதிரை ஃப்ரையா அங்கேதான் நின்றது. செம்பழுப்புப் பெண்குதிரை. நெற்றியில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு கோடு. சுகந்தி அதைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டார். ‘பொறு’ என்றால் நின்றது. ‘மெல்ல’ என்றால் மெல்ல நடந்தது. டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதி நடுவில் தமிழ் தெரிந்த ஒரு குதிரை.

“இந்தப் பிள்ளைதான் என்னைப் போட்டு விழுத்தினது” என்றார், அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டே.

சேணத்தைக் கழற்றிப் பலகைமேல் வைத்து நான் வேலையைத் தொடங்கினேன். அவர் பக்கத்தில் குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டே பேசினார். அவர் கதை எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு மூன்று நாட்களில், இப்படித் துண்டு துண்டாகத்தான்.

எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அப்பாவுக்குச் சில்க்போர்க்கில் தொழிற்சாலை வேலை. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து தினமும் ஒரு குதிரைப் பண்ணை தெரியும். ஒருநாள் வழியில் இறங்கிப்போய், சாணி அள்ளுகிறேன், ஏறிப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டார். விட்டார்கள். வீட்டில் புயல் அடித்தது. “டொக்டராகு எண்டு பள்ளிக்கூடம் அனுப்பினா குதிரைச் சாணி மணத்தோட வாறாள்” என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லையாம். டாக்டராகவில்லை. முதியோரைப் பராமரிக்கும் படிப்பு முடித்து வேலைக்குப் போனார். சம்பளத்தில் பாதி குதிரைக்குப் போனது.

இருபது வயதில் ஒரு கண்காட்சியில் முதல் முறையாக ‘கட்டிங்’ பார்த்தார். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் பிறந்த விளையாட்டு அது. குதிரைமேல் இருப்பவர் மாட்டு மந்தைக்குள் மெதுவாகப் போய் ஒரு மாட்டைப் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். மாடு மறுபடி மந்தையில் சேரத் துடிக்கும். அதை விடாமல் தடுக்க வேண்டியது குதிரையின் வேலை. மாட்டைப் பிரித்ததும் சவாரிக்காரர் கடிவாள வாரைத் தளர்த்திக் கையைக் குதிரையின் கழுத்தோடு தாழ்த்திவிட வேண்டும். அதன்பிறகு வாரைப் பிடித்து இழுத்தால் மதிப்பெண் போய்விடும். மாடு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் குதிரை தானாகத்தான் பாயும். மேலே இருப்பவர் சேணத்தின் முன்கொம்பைப் பிடித்துக்கொண்டு விழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“அந்தக் குதிரை யோசிச்சுது அண்ணை. நான் என்ர கண்ணால கண்டனான். வேற குதிரையெல்லாம் மனுசர் சொல்லுறதைச் செய்யும். இது தானா யோசிச்சுது.”

வேலையை விட்டுவிட்டு டெக்சாஸ் போனார். ஒரு பயிற்சியாளரிடம் மூன்று வருஷம் வேலை. விடியலுக்கு முன்பே எழுந்து மற்றவர்கள் ஏறப்போகும் குதிரைகளை ஓட்டி உடம்பைச் சூடாக்கித் தருவது. மாட்டின் பக்கமே விடமாட்டார்கள். வேலி ஓரம் நின்று பார்த்தே பாதி கற்றார். திரும்பி வந்து இங்கரிடம் இந்த லாயத்தைக் கேட்டார். கையில் இருந்தது இரண்டு குதிரை. வருஷக்கணக்காக ஒருவரும் பழக்கச் சொல்லிக் குதிரை கொண்டுவரவில்லை.

“தமிழ்ப் பொம்பிளை கவ்பாய்த் தொப்பி போட்டுக்கொண்டு நிண்டா சிரிக்காமல் என்ன செய்வினம்? நானும் கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சனான்.”

இங்கர்தான் முதலில் நம்பி ஒரு குதிரை கொடுத்தார், ஃப்ரையாவின் தாய். அதில் நாட்டுச் சாம்பியன் ஆனார். மறுபடியும் ஆனார். பிறகு இத்தாலிக்குக் குதிரையைக் கொண்டுபோய் ஐரோப்பிய அளவில் வென்றார். அதன்பிறகு ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் குதிரைகள் வரத் தொடங்கின.

“அந்தத் தாய்க் குதிரை எங்கே?” என்றேன்.

“வித்தாச்சு. எல்லாம் வித்தாச்சு அண்ணை. குதிரை என்ர இல்லைத்தானே. நான் நல்லாப் பழக்கினா வாங்க ஆள் வரும். பழக்கேலாட்டி என்னட்டையே நிக்கும். என்ர தொழில் எப்பிடி?” என்று சிரித்தார்.

ஃப்ரையாவும் விற்பனைக்குத்தான். இங்கருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. பண்ணையை முடித்துக்கொண்டு டவுனில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகப்போகிறார். லாயத்தைச் சுகந்தி தொடர்ந்து நடத்தலாம், ஆனால் குதிரைகளை இங்கரால் வைத்திருக்க முடியாது. சனிக்கிழமைப் போட்டிக்கு இத்தாலியிலிருந்து மார்க்கோ என்ற பயிற்சியாளர் ஃப்ரையாவைப் பார்க்க வருகிறார். நன்றாக ஓடினால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

விழுந்த கதையைச் சுகந்தி சுருக்கமாகத்தான் சொன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இலையுதிர்காலம். போட்டிகூட இல்லை, பயிற்சி. களத்தின் ஒரு மூலையில் மழை ஈரம். குதிரை இடப்பக்கம் திரும்பும்போது கால் வழுக்கி அவர்மேலேயே சாய்ந்தது. இடுப்பெலும்பும் தொடையும் முறிந்தன. ஓகூஸ் ஆஸ்பத்திரியில் பல வாரம். நடைவண்டியைத் தள்ளி நடந்தது பல மாதம். “இது எழும்பினது, ஆனா ஓடேல்லை. எனக்கு மேல கால் வைக்காமல் அப்பிடியே நிண்டது. இதை விக்கச் சொல்லிச் சனம் சொல்லேக்க, நான் ஆஸ்பத்திரியில கிடந்து மாட்டன் எண்டு அழுதனான்.”

ரூபன் அன்று வேலி ஓரம் நின்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு அவர் களத்தின் பக்கம் வந்ததே இல்லை. கொண்டுவந்து விடுவார், காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

சேண வேலைக்கு வருகிறேன். இப்போது சுகந்தி ஏறிக் குதிரை இடப்பக்கம் திரும்பினால் அவர் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வு குதிரைக்குத் தெரிகிறது. இடப்பக்கம் பாய வேண்டிய நேரத்தில் அது அரை நொடி தயங்குகிறது. அந்த அரை நொடியில் மாடு தப்பிவிடுகிறது. அதனால்தான் இருக்கையை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார். நான் அளவெடுத்து, வலப்பக்கம் மெத்தை ஏற்றி, இடப்பக்கம் தோலைச் சீவித் தாழ்த்தினேன். ஏறினார். சாய்வு போகவில்லை. பிரித்து இன்னும் ஏற்றினேன். இன்னும் மோசமானது. ஃப்ரையா காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பட்டறையின் மானமே போவதுபோல இருந்தது. மத்தியானம் கறுப்பு ரொட்டிமேல் ஈரல் விழுதும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல ருசிதான், இறங்கவில்லை.

மறுநாள் மாடுகள் வரவில்லை. வாடகைக்கு மாடு விடும் பண்ணைக்காரரின் வண்டி பழுதாம். சுகந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் ஓடுவியளோ?”

“எதுக்கு?”

“மாடாக.”

வேடிக்கை இல்லை. குதிரைக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். அதைத் தாண்டி மறுபக்கம் போகப் பார்க்க வேண்டும். ஃப்ரையா என்னை விடாது. இங்கர் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு அளவு பெரியது. எங்கள் ஊரில் மாடு நடுரோட்டில் படுத்திருந்தால் பஸ் சுற்றிக்கொண்டு போகும். அந்த மாடுகளுக்கு இருக்கும் மரியாதை அன்று எனக்கு இல்லை.

வலது பக்கம் ஓடினேன். குதிரை எனக்கு முன்பே அங்கே இருந்தது. இடது பக்கம் திரும்பினேன், அங்கேயும் இருந்தது. முன்கால் இரண்டையும் விரித்து, மார்பு மண்ணைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து, என் கண்ணையே பார்த்தது. அப்படி ஒரு மிருகம் என்னைப் பார்த்ததில்லை. முறைப்பு இல்லை, கோபம் இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற பார்வை. மூச்சு வாங்கி, பூட்ஸ் ஒன்று கழன்று போனதும்கூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். இங்கர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் விழுந்த அந்த ஈர மூலைப்பக்கம் நான் பாய்ந்தபோதுதான் கவனித்தேன். குதிரை என்னைப் பார்த்தது. சுகந்தி பார்க்கவில்லை. மறுபடி அதே பக்கம் ஓடினேன். மறுபடியும் அவர் கண் கீழே மண்ணில் இருந்தது. தலை தாழ்ந்ததும் உடம்பு தானாக வலப்பக்கம் ஒதுங்கியது.

நின்றுவிட்டேன். “சுகந்தி, இந்தப் பக்கம் வந்தா மட்டும் நீங்க என்னைப் பார்க்கல. தரையைப் பார்க்கறீங்க.”

அவர் மெதுவாக இறங்கி, சேணத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“சேணத்தில பிழையில்லை அண்ணை. எனக்குப் பயம். எலும்பு எப்பவோ பொருந்திட்டுது. டொக்டரும் சொன்னவர், பிசியோதெரபிப் பிள்ளையும் சொன்னது. நான்தான் சேணம், சேணம் எண்டு உங்களை இவ்வளவு தூரம் இழுத்துப்போட்டன்.”

“வந்ததுல எனக்கொண்ணும் நஷ்டமில்லை. மாட்டு வேலையும் கத்துக்கிட்டேன்” என்றேன். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நான் ஏற்றிய மெத்தை எல்லாவற்றையும் பிரித்தெடுத்துச் சேணத்தைப் பழையபடி தைத்தேன். அதற்குள் இங்கர் டிராக்டரை எடுத்துவந்து அந்த மூலையை உழுது, உலர்ந்த மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மாலைவரை அந்த ஒரு மூலையில்தான் வேலை. சுகந்தி ஏறுவார், நான் ஓடுவேன். “என் கண்ணைப் பாருங்க” என்று கத்துவேன். முதலில் ஒன்றிரண்டு தடவை பார்த்தார். மறுபடி கண் கீழே போனது. ஒருதடவை குதிரை சடாரென்று திரும்பியதும் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போதும், போதும்” என்று இறங்கிவிட்டார். தண்ணீர் குடித்தார். முகம் வெளுத்திருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினார். வெயில் சாயும்போது, இடப்பக்கப் பாய்ச்சலில் அவர் கண் என் முகத்தை விட்டு விலகவே இல்லை. உடம்பு நேராக இருந்தது. ஃப்ரையா தயங்கவில்லை. எனக்குத்தான் மறுநாள் படி இறங்க முடியவில்லை.

சனிக்கிழமை. போட்டி நடந்தது ஒரு பெரிய தகரக் கூரை மண்டபத்தில். கவ்பாய்த் தொப்பி போட்ட டேனிஷ்காரர்கள் சிவப்புச் சாயம் ஏற்றிய சாஸேஜை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். கையெல்லாம் சிவப்பானது. ரூபன் வழக்கம்போலக் கார் நிறுத்துமிடத்திலேயே இருந்துகொண்டார். “நீங்கள் போங்கோ அண்ணை, நான் இதில இருக்கிறன்.” காரின் கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்திருந்தார்.

மார்க்கோ இங்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்திப் பேசாதவர். இங்கர் என் காதோரம் குனிந்து, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “நன்றாக ஓட வேண்டும் என்றும் ஆசை, ஓடக் கூடாது என்றும் ஆசை. இது என்ன கிழட்டுப் புத்தி?”

அதையே நான் முந்தின நாள் சுகந்தியிடம் கேட்டிருந்தேன். கொஞ்சம் மோசமாக ஓடினால் பிள்ளை இங்கேயே இருக்குமே என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அதுக்கு ஓடத் தெரியும் அண்ணை. எனக்காக அது ஏன் ஓடாமல் நிக்கோணும்?”

சுகந்தியின் பெயர் கூப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டரை நிமிடம். மந்தைக்குள் ஃப்ரையா தண்ணீரில் நடப்பதுபோலப் போனது. முதல் மாடு வெள்ளை முகம். சாதுவானது, சுலபமாக முடிந்தது. இரண்டாவது ஒரு கறுப்புக் கிடாரி. பிரிந்து வெளியே வந்ததும் நின்று ஒருமுறை குதிரையை உற்றுப் பார்த்தது. சுகந்தியின் கை தாழ்ந்து குதிரையின் கழுத்தில் படிந்தது. வார் தொங்கியது.

கிடாரி பாய்ந்தது இடப்பக்கம். வலது, மறுபடி இடது, மறுபடியும் இடது. மண்டபத்தில் மாட்டின் மூச்சும் குதிரையின் குளம்புச் சத்தமும்தான். ஃப்ரையா ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் போய்த் தாழ்ந்து நின்றது. நான் சுகந்தியின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கிடாரிமேல் இருந்தது. ஒருமுறை குதிரையின் பின்கால் சற்றே வழுக்கியது. இங்கர் என் கையைப் பிடித்து நசுக்கினார். சுகந்தி கீழே பார்க்கவில்லை. குதிரை சமாளித்து நிமிர்ந்து, கடைசி நொடியில் கிடாரியின் மூக்குக்கு நேரே போய் நின்றது. மணி அடித்தது. கூட்டம் எழுந்துவிட்டது.

இரண்டாம் இடம். முதலிடம் ஒரு ஹாலந்துக்காரிக்கு, அரை மதிப்பெண் வித்தியாசத்தில். சுகந்திக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. இறங்கியதும் குதிரையின் முகத்தைக் கட்டிக்கொண்டு, “பாத்தனியே பிள்ளை, பாத்தனியே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் ரூபனிடம் ஓடினேன். அவர் காரைவிட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டனான்” என்றார். “ஸ்பீக்கரில எல்லாம் கேட்டனான். சனம் கத்தினது. ஐயோ எண்டு கத்தேல்லை, சந்தோசத்தில கத்தினது. எனக்கு வித்தியாசம் தெரியும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாஸேஜ் ஒண்டு தின்னுவமோ?” என்று கேட்டார். இரண்டு தின்றார்.

மார்க்கோ அன்றே பேசி முடித்துவிட்டார். ஞாயிறு காலை குதிரை ஏற்றும் வண்டியோடு பண்ணைக்கு வந்தார். கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னால் இது நிற்கும் என்று கேட்டார். சுகந்தி “பொறு” என்றார். மார்க்கோ “போரோ” என்றார். ஃப்ரையா அவரைத் திரும்பிப் பார்த்தது, நிற்கவில்லை. “போ இல்லை, பொ. பொறு.” அந்த மனிதர் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். குதிரை நின்றபோது எங்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். இதைப் பார்த்த பிறகுதான் சுகந்தியின் முகம் தெளிந்தது. “நல்ல மனுசன். இதைக் கேட்டுப் பழகுவார்” என்று என்னிடம் சொன்னார்.

வண்டி போனதும் இங்கர் அழுதார். சுகந்தி அவரை உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்தார். இருவரும் டேனிஷில் ஏதோ பழையது பேசினார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் என் கத்திகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். மத்தியானம் எனக்கு ரயில். இந்தமுறை எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்று ரூபன் படம் போட்டே கொடுத்திருந்தார்.

கிளம்பும் நேரத்தில் இன்னொரு வண்டி வந்தது. ஜெர்மனியிலிருந்து. உள்ளே இரண்டு வயது ஆண்குட்டி, சாம்பல் நிறம். இதுவரை முதுகில் ஒரு துணிகூடப் போட்டதில்லையாம். வண்டியின் சரிவுப் பலகையில் இறங்கும்போதே ஓட்டுநரின் கையை உதறிவிட்டு, வட்டமான சின்னக் களத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. கண்ணெல்லாம் வெள்ளை.

“சரியான பயந்தாங்கொள்ளி” என்றார் சுகந்தி, சந்தோஷமாக.

கதவைத் திறந்து உள்ளே போனார். கையில் கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. குட்டியின் பக்கம்கூடப் பார்க்கவில்லை. நடுவில் போய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அது ஓடியது. நின்றது. தரையைக் காலால் கிளறியது. மறுபடி ஓடியது. சுகந்தி அசையவில்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தவன் பெட்டியைக் கீழே வைத்தேன். குட்டி ஓட்டத்தை நடையாக்கி, நடையையும் குறைத்து, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, அவர் தோள்பட்டையை மெல்ல மோந்து பார்த்தது. உடனே பயந்து இரண்டடி பின்னால் போனது.

சுகந்தி திரும்பாமலேயே, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விசாரிக்கிறமாதிரி, “உனக்கு என்ன பேர்?” என்று கேட்டார்.

குட்டி காதை நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓர் அடி முன்னால் வந்தது.